அத்திம்பேரும் அன்னக்கூடையும்

ஆடித் தள்ளுபடி சமயத்தில், மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில், நட்ட நடுவில் நின்றுவிடுகிற மனிதரோடு நீங்கள் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். பின்னால் ரங்கநாதன் தெரு மொத்தமும் கட்டைப்பைகளோடு வந்துகொண்டிருக்கும். என் அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், அந்தக் கூட்டத்தின் மத்தியில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். தலையை மெதுவாக இடது பக்கம் திருப்புவார். பிறகு துளி வலது பக்கம். சாமி வந்தவர் என்று நினைத்துச் சிலர் ஒதுங்கிப் போவார்கள். மற்றவர்கள் இடித்துவிட்டுப் போவார்கள்.

"யோவ் பெருசு, வழில நின்னுகினு இன்னா பண்ற? நவுருய்யா!"

அவருக்குக் காதில் விழாது. காது அப்போது வேறு வேலையாக இருக்கும். "ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி இரைச்சல் கேக்கணும் வசு. கேட்டுடுத்துன்னா மூக்கு எந்தப் பக்கம் இருக்கோ அங்கேர்ந்துதான் காத்து வரது" என்பார். "இப்போ தென்கிழக்குலேர்ந்து" என்று சொல்லிவிட்டு, மார்கழி பஜனைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகப் படியிறங்குவார். நான் பத்தடி பின்னால், யாரோ எவரோ என்கிற பாவனையில் வருவேன். அவரோடு வெளியே போவதென்றால் எனக்கு அத்தனை வெட்கமாக இருக்கும். இதை ஒளிப்பதற்கு இல்லை. என் அக்காவுக்கும் அப்படித்தான். அவள் தாலி கட்டிக்கொண்டுவிட்டாள், எனக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது.

மயிலாப்பூரில் ஒரே கட்டடத்தில்தான் இருந்தோம். மேல் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் "அளக்கிறார்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. இல்லாததையும் பொல்லாததையும் நீட்டி முழக்குவது ஒன்று, அது ஊருக்கெல்லாம் தெரிந்தது. இன்னொன்று அத்திம்பேர் செய்வது. எதையும் அளக்காமல் அவர் வாயைத் திறக்க மாட்டார். நாம் திறந்தாலும் விட மாட்டார்.

"இன்னிக்கு வெயில் கொளுத்தறது" என்று அக்கா சொன்னால், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "அளந்தியா?"

"எனக்கு ஜுரம் அடிக்கறாப்ல இருக்கு."

"அளந்தியா?"

"உங்களைக் கல்யாணம் பண்ணிண்டு நான் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை."

இதற்கு மட்டும் கேட்க மாட்டார். அந்த அளவுக்கு விவரம் இருந்தது.

அக்காவுக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. ரசத்தில் உப்பு கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. நாக்கு ஒரு கருவி இல்லை என்பது அவர் கட்சி.

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் வரனை அவர்தான் ஓட்டினார். பையனின் அம்மா சொஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டே, "எங்க புள்ளை ஆறடி. வாசக்கால்ல குனிஞ்சுதான் வருவான்" என்றாள். அத்திம்பேர் மிகவும் மரியாதையாக, நிஜமான ஆவலோடு, "அளந்தேளா?" என்று கேட்டார். பையன் நாற்காலியில் இருந்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த அம்மாள் சொஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். அந்த வரன் அதோடு சரி. பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவரின் உயரத்தைப் பற்றி அவர் வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை, அதனால் பிழைத்தார்.

அத்திம்பேருக்கு வேலை தரமணிப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். பெயர் வேண்டாம். அங்கே பெரிய தட்டு ஒன்று இருந்தது, ஆகாயத்திலிருந்து வருகிற சமிக்ஞைகளைப் பிடிக்கிற ஆன்டெனா. ஒரு சனிக்கிழமை என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கேபிள் டி.வி.க்காரர்கள் மாடியில் வைத்திருக்கும் தட்டைத்தான் மனதில் வைத்துக்கொண்டு போனேன். இது எங்கள் கட்டடத்தையே உள்ளே வைத்துக் கவிழ்த்து மூடிவிடலாம் போல் இருந்தது. வெள்ளை வெளேரென்று, வாயைத் திறந்துகொண்டு, மேற்குப் பக்கம் சாய்ந்து நின்றது.

"கல்யாணத்துல சாதம் வடிச்சுக் கொட்டற அன்னக்கூடையைச் சாய்ச்சு வச்சாப்ல இருக்கு அத்திம்பேர்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். தட்டை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "அன்னக்கூடைக்கு ஆழம் ஜாஸ்தி. மத்தபடி நீ சொல்றது சரிதான்" என்றார்.

அவர் வேலை என்ன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. மேலே எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிற ஒன்று முணுமுணுவென்று பேசுகிறது, அதை இந்தத் தட்டு காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு துளி அசைந்தாலும் கேட்காது. காற்றோ அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தட்டின் முதுகெலும்பு மாதிரி இருந்த இரும்புச் சட்டங்களில் எல்லாம் அத்திம்பேர் சின்னச் சின்ன உணர்கருவிகளை ஒட்டி வைத்திருந்தார். பக்கத்தில் உயரமான கம்பம், அதன் உச்சியில் கிண்ணங்கள் வைத்துச் சுற்றுகிற காற்றுமானி. எந்தப் பக்கத்துக் காற்று எத்தனை வேகத்தில் அடித்தால் தட்டு எங்கே வளைகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று வருஷக்கணக்கில் அளந்து ஒரு அட்டவணை போட்டிருந்தார். தட்டை ஓட்டுகிற அறையின் சுவரில் அது ஒட்டியிருந்தது.

"இந்த வேகம் வரைக்கும் வேலை பார்க்கலாம். அதுக்கு மேல போச்சுன்னா தட்டோட முகத்தை நேரா ஆகாசத்துக்குத் தூக்கிடணும். அப்போ காத்து மேலாக வழுக்கிண்டு போயிடும். முகத்துல மட்டும் வாங்கப்படாது. குழிக்குள்ள காத்து மாட்டிண்டா முரட்டுத்தனமாத் தள்ளும்."

அந்த அறையில் தட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். எங்களுக்கு டீ வாங்கி வரச் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஒக்காருங்க மேடம். சார் போட்ட சீட்டுதான் எங்களுக்கு வேதம். அதப் பாத்துகினுதான் வண்டிய ஓட்டுறது" என்று சுவரைக் காட்டினார். அத்திம்பேர் கூச்சத்தோடு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த கோடையில், கத்திரி வெயிலில், ஒரு சாயங்காலம் திடீரென்று மேல்காற்று அடித்தது. மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு வருமே, அது. மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்து முருங்கை முறிந்தது. தரமணியில் தட்டு மேற்கே பார்த்துத் தாழ்ந்திருந்தது. பிரேக்கை மீறிக் காற்று அதைத் திருப்பி, பற்சக்கரத்தின் பற்கள் போயின. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஏழுமலை.

விசாரணைக் குழுவில் காற்றுக்கு அத்திம்பேரை விட்டால் யார்? காற்றின் வேகம் அட்டவணையில் மேற்கு என்ற இடத்தில் போட்டிருந்த எல்லைக்குள்தான் இருந்தது. அட்டவணைப்படி தட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. பின்னே ஏன் ஆயிற்று என்று கேட்டார்கள். அத்திம்பேர் அட்டவணையைப் பார்த்தார், காற்றுமானி பதிந்ததைப் பார்த்தார், "ஆபரேட்டர் நிதானத்துல இல்லை போல இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

நிதானம் என்றால் என்ன? கவனம் சிதறிவிட்டது என்ற அர்த்தத்தில்தான் சொன்னதாகப் பின்னால் சொன்னார். ஆனால் நம் ஊரில் ஒரு ஆண்பிள்ளை, அதுவும் ஏழுமலை மாதிரி ஒருவர், நிதானத்தில் இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்று மாலையே ஆபீஸ் வாட்ஸப் குழுவில் 'குடித்துவிட்டு ஓட்டினான்' என்று வந்துவிட்டது. ஏழுமலையைத் தட்டிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள்.

அத்திம்பேர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நான் அக்காவின் சமையலறை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். "அதானே பார்த்தேன்" என்றேன். அக்கா, "பாவம், நன்னா மரியாதையா இருந்தானே" என்றாள். எங்கள் யாருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அளந்தேளா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். காற்று பிய்த்து உதறியது. அத்திம்பேரின் எட்டு முழ வேஷ்டி க்ளிப்பையும் இழுத்துக்கொண்டு பறந்து, கிழக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கின் மேல் போய் விழுந்தது. எங்கள் பேச்சில் வீட்டை ஆம் என்போம், வீட்டுக்கு என்பது ஆத்துக்கு. அந்த வீட்டு மாமி எங்களுக்குக் கிழக்காத்து மாமி. மாடிப்படியிலிருந்து கத்தினேன்.

"அத்திம்பேர்! மேல்காத்து பிச்சுண்டு அடிக்கறது. உங்க வேஷ்டி கிழக்காத்துக்குப் போயிடுத்து!"

அவர் பனியனோடு வெளியே வந்தார். "என்ன சொன்னே?"

"வேஷ்டி. மேல்காத்துல கிழக்காத்துக்குப் போயிடுத்து."

"மேல்காத்து... கிழக்காத்து" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே காத்துதானே."

"அது காத்து இல்லை, ஆத்து. மாமி ஆம்!"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் நான் அவர் கண்ணில் இல்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, குளிக்காமல், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஆபீசுக்குப் போய்விட்டார். வேஷ்டியைக் கிழக்காத்து மாமியிடமிருந்து நான்தான் கெஞ்சி வாங்கி வந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அக்கா தட்டு போட்டாள். சாப்பிடவில்லை.

"மனுஷாளுக்குக் காத்துன்னா எங்கேர்ந்து வரதுங்கறதுதான் பேர். மேல்காத்துன்னா மேற்கேர்ந்து வரது. கணக்குப் போடற கம்ப்யூட்டருக்கு அப்படிச் சொன்னாப் புரியாது, எங்கே போறதுன்னு சொல்லணும். அதுக்கு மேற்குன்னா மேற்கே போறது. கணக்கு முடிச்சு அட்டவணை எடுக்கறச்சே திருப்பிப் போடணும். நான் போடலை. அப்படியே சுவத்துல ஒட்டிட்டேன். அதுல மேற்குன்னு இருக்கறது, தட்டுக்கு முதுகுல அடிக்கற காத்து. ஏழுமலை அதைப் பார்த்துட்டு முகத்துல வாங்கியிருக்கார்."

"ஒருத்தரும் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"நான் போட்டதுன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டா. நானும் விட்டுட்டேன்."

அக்கா அவர் முன்னால் உட்கார்ந்தாள். "உங்களை யார் இப்போ கேட்டா? பல்சக்கரத்தை மாத்தியாச்சு. நீங்க ரிடையராகப் போறேள். இந்த நேரத்துல மானத்தை வாங்கிக்கணுமா?"

"போன மானம் என்னோடது இல்லைடி" என்றார்.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். ஆபீசில் அதைச் சத்தமில்லாமல் முடித்தார்கள். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய சீட்டு ஒட்டினார்கள். ஏழுமலையைத் தட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஏன் எடுத்தோம், ஏன் அனுப்பினோம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இதை இத்துடன் விடுங்கள் என்று அத்திம்பேருக்கும் சொல்லப்பட்டது.

விடுகிற ஆளா? ஆபீசில் பேசாதே என்றார்கள், அவர் ஊரில் பேசினார். டிசம்பரில் ஒரு சபா கேன்டீனில், எதிரே அடை அவியல் சாப்பிட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர் மரியாதைக்கு, "சார் என்ன பண்றேள்?" என்று கேட்டார். "காத்தைத் திருப்பிப் போட்டுட்டு ஒரு நல்ல மனுஷனைக் குடிகாரன்னு சொன்னவன் நான்" என்றார் அத்திம்பேர். அந்த மனிதர் அவியலைப் பாதியில் விட்டுவிட்டு வேறு மேஜைக்குப் போனார். நவராத்திரிக்குச் சுண்டல் வாங்க வந்த மாமிகளிடமும் இதே அறிமுகம்தான். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் இருந்து மாட்டிக்கொள்வேன். பாலத்தில் நின்று காது திருப்பியதெல்லாம் தேவலை என்று ஆகிவிட்டது. வேண்டாத இடத்தில் வேண்டாதவரிடம் ஒருவர் தன் தப்பை எடுத்து நீட்டினால், வாங்கிக்கொள்ளவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் கை தவிக்கிறது. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

தை பிறந்தபிறகு ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தவர், மேலே போகாமல் நேரே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் ஏழுமலையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்திருக்கிறார். என்ன என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை சொன்னதை அத்திம்பேர் அந்தக் குரலிலேயே திருப்பிச் சொன்னார், அந்தப் பாஷை அவர் வாயில் நுழையாமல் தடுக்கியது.

"'வூட்ல கஸ்தூரி கட்ட வச்சிட்டா சார். கோயில்ல சூடம் அணைச்சு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணி கட்டிகினேன்'ங்கறார். நீங்க குடிக்கறது உண்டான்னு கேட்டேன். 'பொண்ணு பொறந்தப்பவே வுட்டாச்சு சார். இன்னா பண்றது, பொண்டாட்டி நம்பல'ன்னு சிரிக்கறார் வசு. சிரிக்கறார்."

அத்திம்பேரின் மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஆபீஸ்ல திருப்பிக் குடுத்தாச்சு. ஆத்துல யார் திருப்பிக் குடுப்பா?" என்றார்.

அக்கா வரவே மாட்டேன் என்றுவிட்டாள். தனியாக அனுப்பினால் அந்தத் தெருவில் நின்று காது திருப்பிக்கொண்டிருப்பார் என்று நான் போனேன்.

பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்காவது மாடி. நீளமான திறந்த தாழ்வாரம், வரிசையாகக் கதவுகள், கொடிகளில் பள்ளிக்கூடச் சீருடைகள். கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அத்திம்பேர் ஆபீசின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மறுபடி இன்னா சார் பண்ணிச்சு அது?"

உள்ளேயிருந்து ஏழுமலை லுங்கியோடு ஓடிவந்தார். "இன்னா சார், நீ போயி இங்க... உள்ள வா சார், மேடம் வாங்க."

அத்திம்பேர் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றார். என்றைக்கும் இல்லாதபடி உரக்கப் பேசினார். "இல்லைம்மா. உங்காத்துக்காரர் ஒண்ணும் பண்ணலை. தப்பு பண்ணினவன் நான். அட்டவணையில காத்தைத் திருப்பிப் போட்டுட்டேன்."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். "காத்த எப்டி சார் திருப்பிப் போடுவாங்க?"

நியாயமான கேள்வி. அவர் விளக்கினார். மேற்கேர்ந்து, மேற்கே, முகம், முதுகு என்று ஏதேதோ சொன்னார். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஏழுமலை, "வுடு சார், அதான் டூட்டி குடுத்துட்டாங்கல்ல, வுடு சார்" என்று கூனிக் குறுகிக்கொண்டிருந்தார். அத்திம்பேர் திடீரென்று என் பக்கம் திரும்பி, பிறகு கஸ்தூரியின் பக்கம் திரும்பி, "அம்மா, உங்காத்துல அன்னக்கூடை இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த வீட்டுப் பெண் பெரிய அலுமினிய அன்னக்கூடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடலிலிருந்து காற்று தாழ்வாரத்துக்குள் அலையலையாக வந்துகொண்டிருந்தது. அத்திம்பேர் அன்னக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தலையை இடது பக்கம் திருப்பினார். துளி வலது பக்கம். கூட்டம் சிரித்தது.

"பெருசு செம மப்புல கீது போல" என்றான் ஒருவன்.

எனக்கு முகம் தீயாக எரிந்தது. எங்கேயாவது புகுந்துகொண்டுவிடலாம் போல் இருந்தது. கீழே ஆட்டோ நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவர் குழிப்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி அன்னக்கூடையை நீட்டிப் பிடித்தார். காற்று அதற்குள் புகுந்து அவரை ஒரு அடி பின்னுக்குத் தள்ளியது, செருப்பு கழன்றது. பிறகு அதைத் திருப்பி முதுகுப்பக்கத்தைக் காட்டினார். அசையாமல் நின்றார். அன்னக்கூடையைக் கஸ்தூரியிடம் கொடுத்தார். அவள் தயங்கி வாங்கி, அதே மாதிரி குழியைக் கடலுக்குக் காட்டினாள். அது அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"தள்ளுது" என்றாள்.

"இப்படிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதி வச்சிருந்தேன். அவர் என்னை நம்பிப் பிடிச்சார்."

சிரிப்பு நின்றுவிட்டது. கஸ்தூரி அன்னக்கூடையைத் தரையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு இது குடிக்கலியா சார்?"

இந்த மனிதர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏழுமலையை யாரும் ஊதச் சொல்லவில்லை, எந்தக் கருவியும் வைத்துப் பார்க்கவில்லை. 'அளக்கலைம்மா, அதனால தெரியாது' என்று சொல்லப்போகிறார். அந்தக் கயிறு அப்படியே கையில் இருக்கப்போகிறது. அத்திம்பேர் வாயைத் திறந்தார், மூடினார்.

"குடிக்கலை" என்றார். "சத்தியமா குடிக்கலை."

கஸ்தூரி புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் பாதியாகிவிட்டது. "நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?"

"சொன்னேன்ல" என்றார் ஏழுமலை. கோபமே இல்லை. "மொத நாளே சொன்னேன். ஊதறேன், மோந்து பாருன்னு கூட சொன்னேன். நீ மூஞ்சத் திருப்பிக்கினே."

பூண்டுத் தோல் காற்றில் தாழ்வாரம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கம்பக்கத்துக் கதவுகளில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள். அன்னக்கூடைக்காரப் பெண் அதை எடுத்துக்கொள்ளக்கூட வரவில்லை. ஏழுமலைதான் அதைத் தூக்கி அவள் வாசலில் வைத்தார்.

நாங்கள் மந்தைவெளிப் பக்கம் நடந்தோம். கடற்காற்று முதுகில் அடித்தது. அத்திம்பேர் நிற்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் நின்றால் தேவலை என்று இருந்தது எனக்கு. தெருவே பார்த்தாலும் பரவாயில்லை.

"காத்து எங்கேர்ந்து வரது அத்திம்பேர்?" என்று நானே கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டு தெரிகிற வரைக்கும் அவர் நடையைக் குறைக்கவில்லை. பிறகு, "அந்த ஏழுமலையைப் பத்தி நான் ரெண்டு தரம் அளக்காம பேசியிருக்கேன் வசு" என்றார். "முதல் தரம் சொன்னப்போ யாரும் ஒரு கேள்வி கேக்கலை, எல்லாரும் நம்பிட்டா. இன்னிக்குச் சொன்னதை நம்ப வைக்க அன்னக்கூடை வேண்டியிருந்தது."

இப்போது அத்திம்பேர் இல்லை. கடைசி வரைக்கும் அவர் என்னிடம், நீயும் நம்பினாயா என்று கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் உள்ளவர்தான், ஆனாலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியான அளவையே சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் கையில் காபி டம்ளர் இருந்தது. அது ஆறுவதற்குள் நம்பிவிட்டேன்.